இடியப்பம் அவிக்கிற வீடு

பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம் முடிந்து, நாங்கள் எல்லோரும் கொஞ்சம் மூச்சு விடத் தொடங்கியிருந்த வருடம் அது. மழை இன்னும் தொடங்காத புரட்டாதி மாதம். திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில், ஒரு மாடி அறையில் எங்கள் செய்தி அலுவலகம் இருந்தது. அலுவலகம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மூன்று மேசை, நாலு கதிரை, சுற்றும்போது முனகுகிற ஒரு மின்விசிறி. யன்னலைத் திறந்தால் உள்துறைமுகம் தெரியும், அது ஒன்றுதான் ஆடம்பரம். முன்பு வாரம் ஒரு பத்திரிகை அச்சடித்தோம். கடதாசி விலை ஏறியபோது அச்சை நிறுத்திவிட்டு இணையத்தளத்தை மட்டும் வைத்துக்கொண்டோம். ஆட்களில் மிஞ்சியது ஆசிரியரும், படம் எடுக்கிறவரும், நானும்தான்.

நான் லிங்கநகர்க்காரி. நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்த வயது. எதையும் ஒழுங்காக அடுக்கி வைக்காவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. வீட்டு அலுமாரியில் துணிகளை நிறம் பார்த்து அடுக்குகிறவள் என்று தங்கை இன்றைக்கும் பகிடி பண்ணுவாள். அப்படிப்பட்டவளுக்கு, இணையத்தில் நாங்களே தரவுத்தளம் செய்துகொள்ளலாம் என்று யாரோ சொல்லிக் கொடுத்தால் என்ன நடக்கும்? ஊடகக்காரருக்கென்று ஒன்லைனில் நடந்த ஒரு பயிற்சியில் அதைக் கற்றுக்கொண்டேன். கணினிக்குக் கட்டளை எழுதத் தெரிய வேண்டாம், காசும் கட்ட வேண்டாம். பெட்டி பெட்டியாக விபரத்தை நிரப்பினால், வாசகர்கள் தேடிப் பார்க்கக்கூடிய அட்டவணையாக அது இணையத்தில் ஏறிவிடும். தொலைபேசியில் படிவமாகவும் திறக்கலாம். பயிற்சி முடிந்ததற்கு ஒரு சான்றிதழ் தந்தார்கள். அதை அச்செடுத்து மேசைக்கு மேலே ஒட்டி வைத்தேன். ஆசிரியரை நாங்கள் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். அவர் அந்தக் கருவிக்கு வைத்த பெயர் "உங்கட பெட்டி".

அந்தப் பெட்டியில் எதை நிரப்புவது என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. சாம்பல்தீவுப் பக்கம் கரையோரமாக இருக்கிற ஒரு கிராமத்தில் கிணறுகள் உப்பாகிக்கொண்டு வருவதாக ஆட்கள் வந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். குழாய்த் தண்ணீர் ஊரின் வாசலில் இருக்கிற மதகு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. உள்ளே எப்போது வரும் என்று கேட்டால், எத்தனை கிணறு கெட்டுப்போயிருக்கிறது என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியாது என்ற பதில்தான் வரும். சரி, நாங்களே எண்ணிப் பார்ப்போம் என்று இறங்கினோம். பேனை மாதிரி ஒரு சின்னக் கருவி இருக்கிறது, தண்ணீரில் விட்டால் உப்பின் அளவைக் காட்டும். அதை ஒரு நண்பரிடம் இரவல் வாங்கிக்கொண்டு, படம் எடுக்கிறவரின் மோட்டார் சைக்கிளில் ஏறி வீடு வீடாகப் போனேன். அறுபது கிணறுகள் வரை பார்த்தோம். நல்ல தண்ணீர் என்றால் பச்சை, தாங்கலாம் என்றால் மஞ்சள், வாயில் வைக்க ஏலாது என்றால் சிவப்பு.

ஒவ்வொரு வீட்டிலும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "பேர் வருமோ?" வராது என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் வாளியைக் கிணற்றில் விடுவார்கள். கிணறு உப்பு என்று எழுத்தில் வந்துவிட்டால் காணி விலைப்படாது, கல்யாணம் பேசி வருகிறவர்கள் யோசிப்பார்கள் என்று ஆளுக்கொரு பயம் இருந்தது. அதில் நியாயமும் இருந்தது.

இந்தக் கதைக்குரிய பெண்மணியின் வீட்டுக்குப் போனது மூன்றாம் நாள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். கணவர் இல்லை, இரண்டு மகள்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். விடியற்காலையில் இடியப்பம் அவித்து, பட்டணத்தில் மூன்று சாப்பாட்டுக்கடைகளுக்குக் கொடுப்பார். அதுதான் அந்த வீட்டின் சீவியம், வேறு ஒரு வருமானமும் கிடையாது. கருவியைக் கிணற்றுத் தண்ணீரில் விட்டேன். சிவப்பு, அதுவும் அந்த ஊரிலேயே ஆகக் கூடின சிவப்பு. நான் இலக்கத்தைப் படிவத்தில் பதிவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர், "தங்கச்சி, என்ர பேர் ஒரு இடத்திலயும் வரக்கூடாது" என்றார்.

"வராதக்கா. நான் பொறுப்பு."

"கடைக்காரருக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான். விளங்குதுதானே?"

"விளங்குதக்கா."

பிறகு கதிரை போட்டுத் தேநீர் தந்தார். வெயிலில் அலைந்து வந்தவளுக்கு அது அமிர்தமாக இருந்தது. நல்ல சாயம், அளவான சீனி. இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்தேன். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள், பிறகு இதற்கு வருகிறேன்.

மழைக்குப் பிறகு இதே கிணறுகளைத் திரும்பவும் அளந்து பார்ப்பதாகத் திட்டம். அதற்காக அட்டவணையில் "குறிப்பு" என்று ஒரு நிரல், மேலிருந்து கீழாக ஓடும் ஒரு பத்தி, வைத்து, அதில் ஒவ்வொரு வீட்டுக்கும் போகிற வழியை எழுதினேன். எங்கள் பக்கத்தில் வீட்டு இலக்கத்தை வைத்துக்கொண்டு ஒருவரும் வீடு தேடிப் போவதில்லை. இலக்கம் வாக்காளர் பட்டியலுக்கும் மின்சாரப் பட்டியலுக்கும் மட்டும்தான். வீடு தேடுகிறவருக்குக் கோயில், மதகு, மரம், கேற்றின் நிறம் இவைதான் வேண்டும். அந்த வீட்டுக்கு நான் எழுதியது இது: "மதகு தாண்டி மாதா சிலைக் கூட்டடியால உள்ளுக்கு. மூன்றாவது வேலி, நீலக் கேற்று. இடியப்பம் அவிக்கிற வீடு." (இங்கே வழியை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். தேடிப் போகாதீர்கள்.)

அட்டவணையை வெளியிட முன்பு இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினேன். ஒவ்வொரு நிரலின் தலையிலும் கண் மாதிரி ஓர் அடையாளம் இருக்கும். அதை அழுத்தினால் அந்த நிரல் வாசகர் பார்வைக்கு வராது. பெயருக்குக் கண்ணை மூடினேன். தொலைபேசி இலக்கத்துக்கு மூடினேன். வீட்டு இலக்கத்துக்கும் மறக்காமல் மூடினேன். வரைபடத்தில் புள்ளி போட்டுக் காட்டட்டுமா என்று கருவி ஆசை காட்டியது. வேண்டாம், வீடு தெரிந்துவிடும் என்று விட்டுவிட்டேன். அவ்வளவு கவனம்! என் கணினித் திரையில் கிணறும் நிறமும் அளவும் திகதியும் அழகாக வரிசையில் நின்றன. குறிப்பு என்கிற நிரல் திரைக்கு வெளியே, வலது பக்கத்துக் கடைசியில் இருந்தது. அதை நான் இழுத்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் கண்ணை மூடியிருப்பேனா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயம் இல்லை. ஏனென்றால் என் மனதில் அது விலாசமே இல்லை, வழி மட்டும்தான்.

அட்டவணை வெளிவந்த நாள் எங்களுக்குப் பெருநாள். வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஊர்க்காரர்கள் பகிர்ந்தார்கள். இவ்வளவு நாளும் தொலைபேசி எடுக்காத அதிகாரிகள் தாங்களாகவே எடுத்தார்கள். அண்ணை கதிரையில் சாய்ந்துகொண்டு, "பெட்டி பரவாயில்லை" என்றார். அவருடைய வாயிலிருந்து அது வந்தால் மாலை போட்ட மாதிரி. நான் இரண்டு நாள் தரையில் கால் படாமல் நடந்தேன்.

மூன்றாம் நாள் காலை, அலுவலகத்துக்குப் போகிற வழியில், சந்தைப் பக்கம் நான் வழமையாகச் சாப்பிடுகிற கடைக்குள் போனேன். இடியப்பமும் சொதியும் கேட்டேன்.

"இடியப்பம் இல்லைத் தங்கச்சி. புட்டு இருக்கு" என்றார் கடைக்காரர்.

"ஏனண்ணை, ஒவ்வொரு நாளும் இருக்கிறதுதானே?"

"உங்களாலதான் நிப்பாட்டினனான்" என்றவர், முகமெல்லாம் சிரிப்பாக என் மேசைக்கே வந்துவிட்டார். "நல்ல வேலை செய்தனீங்கள். நீங்கள் போடாட்டி எங்களுக்கு எப்பிடித் தெரியும்? உப்புத் தண்ணியில அவிச்சுத் தந்ததை இவ்வளவு நாளும் சனத்துக்குக் குடுத்திருக்கிறம்."

எனக்கு விளங்கவில்லை. நாங்கள் ஒருவருடைய பெயரும் போடவில்லையே என்றேன்.

"பேர் போடேல்லைத்தான், அது நல்லது. ஆனா வழி போட்டிருந்தீங்கள்தானே!"

தொலைபேசியை எடுத்து நீட்டினார். கணினியில் வரிசையாகத் தெரிந்த என் அட்டவணை, தொலைபேசியில் வேறு மாதிரித் தெரிந்தது. ஒரு கிணற்றைத் தொட்டால் ஓர் அட்டை திறந்து, மூடாத எல்லா நிரலும் மேலிருந்து கீழாக வந்தது. கடைசி வரி என்னுடைய வரி. நீலக் கேற்று. இடியப்பம் அவிக்கிற வீடு. நான் மறந்துபோயிருந்த என் சொற்களை அந்தக் கடைக்காரர் எனக்கு வாசித்துக் காட்டினார். மற்ற இரண்டு கடைக்காரருக்கும் தானே அதைப் படம் பிடித்து அனுப்பிவிட்டதாகவும் சொன்னார். அவர் கெட்ட மனிதர் இல்லை. தன் கடையில் சாப்பிடுகிறவர்களை நினைத்துத்தான் செய்தார். எனக்கு ஒரு தேநீர் கொண்டுவந்து வைத்து, காசு வேண்டாம், இது என்ர கணக்கு என்றார். அந்தத் தேநீரை என்னால் குடிக்க முடியவில்லை.

வெளியே வந்து, வெயிலில் நின்றபடியே தொலைபேசியில் அந்த நிரலின் கண்ணை மூடினேன். மூடியாயிற்று. ஆனால் படமாகப் போனது போனதுதான், அதற்கு எந்தக் கண்ணை மூடுவது?

அலுவலகத்துக்கு ஓடிப்போய் அண்ணையிடம் சொன்னேன். அவர் என் தொலைபேசியை வாங்கிப் பார்த்துவிட்டு, "எடுத்திட்டீங்கள்தானே, விடுங்கோ. கிளறினா இன்னும் பத்துப் பேருக்குத் தெரியவரும்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. விட ஏலாது, நான் வாக்குக் குடுத்தனான் என்று கத்தினேன். அந்த அலுவலகத்தில் நான் சத்தம் போட்டது அன்றைக்குத்தான். உண்மையைச் சொன்னால் கோபம் அண்ணையில் இல்லை, என்னில்தான். அவர் சொன்னதை ஒரு நிமிடம் எனக்கும் ஏற்றுக்கொள்ள ஆசையாக இருந்தது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பஸ் எடுத்துத் தனியாகப் போனேன். நீலக் கேற்று திறந்துதான் இருந்தது. முற்றத்தில் இடியப்பத் தட்டுகள் எல்லாம் கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தன. அவ்வளவு தட்டுகளும் ஒரேயடியாகச் சும்மா கிடந்தன.

அவர் குசினி வாசலில் நின்று என்னைப் பார்த்தார். வாங்கோ என்று சொல்லவில்லை. கதிரை போடவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போய் கதிரையும் தேநீரும் கிடைக்காமல் நிற்பது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். குறிப்பு, நிரல், கண் என்று ஏதேதோ உளறினேன்.

"எனக்குப் போன் எடுத்து ஏசியிருக்கலாமேயக்கா" என்றேன் கடைசியில்.

"என்னெண்டு ஏசுறது? நீங்கள் பொய் எழுதேல்லையே. கிணறு உப்புத்தானே."

"அப்ப... கடைக்காரர் சொல்றது..."

அவருடைய முகம் மாறியது அப்போதுதான். "உள்ளுக்கு வாங்கோ" என்றார். வரவேற்பாக இல்லை, கட்டளையாக. குசினிக்குள் போனேன். அடுப்படிச் சுவர் ஓரமாக வெள்ளைத் தண்ணீர்க் கான்கள் வரிசையாக, ஒவ்வொன்றும் துணியால் மூடி வைத்திருந்தன. பின்வாசலில் ஒரு சைக்கிள், பின்னால் கான் கட்டுவதற்குப் பலகை அடித்த கரியர்.

"மதகடிப் பைப்பில இருந்து எடுக்கிறனான். பின்னேரம் ரெண்டு தரம், விடிய ஒருக்கா. மா குழைக்கிறதும் அதில, அவிக்கிறதும் அதில, பிள்ளையள் குடிக்கிறதும் அதில. இந்தக் கிணத்துத் தண்ணி முற்றம் தெளிக்கவும் சட்டி கழுவவும் மட்டும்தான். மூண்டு வருசமா இப்பிடித்தான்."

"இதை நீங்கள் அண்டைக்குச் சொல்லேல்லையேயக்கா" என்றேன். கேட்ட உடனேயே கேட்டிருக்கக்கூடாது என்று தெரிந்தது.

"நீங்கள் கிணத்தைப் பற்றித்தானே கேட்டனீங்கள்" என்றார். "என்னைப் பற்றிக் கேக்கேல்லையே."

எனக்கு அந்தத் தேநீர் ஞாபகத்துக்கு வந்தது. உப்புக் கிணற்று வீட்டில் உட்கார்ந்து, சிவப்பு என்று பதிந்த கையோடு, இரண்டு கோப்பை நல்ல தேநீர் குடித்திருக்கிறேன். அதில் ஒரு துளி உப்பு இல்லை. இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று என் புத்திக்கு ஒரு தரம்கூடத் தோன்றவில்லை. என் படிவத்தில் அதற்கு ஒரு பெட்டி இல்லை, அதனால் என் தலையிலும் இல்லை. அந்தக் குசினியில் நின்று நான் அழுதேன். அவர் அழவேண்டாம் என்று சொல்லவில்லை. அது எனக்கு ஒரு விதத்தில் ஆறுதலாகவும் இருந்தது.

மன்னிப்புக் கேட்டு எழுதுகிறோம் என்றேன்.

"என்னெண்டு எழுதுவீங்கள்? இடியப்பம் அவிக்கிற வீட்டில நல்ல தண்ணிதான் பாவிக்கினம் எண்டோ? அதுக்கும் வழி போடுவீங்களோ?"

அவர் சொன்னது சரி. திருத்தம் போட்டால் இதுவரை கேள்விப்படாதவர்களும் நீலக் கேற்றைத் தேடுவார்கள். பேசாமல் விட்டால் மூன்று கடைகளும் போனது போனதுதான். அடுத்த கிழமை மகளுக்கு வகுப்புக்குக் கட்ட வேண்டும் என்று அவர் பக்கத்துச் சுவரைப் பார்த்துச் சொன்னார், என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. நான் புறப்படத் திரும்பியபோது, கான் ஒன்றின் துணியைச் சரிசெய்துகொண்டே அவர்தான் வழியைச் சொன்னார்.

"எல்லாரிட்டையும் போய்க் கேளுங்கோ. குடிக்க, சமைக்க எங்க தண்ணி எடுக்கினம் எண்டு. நான் மட்டும் இல்லை. இந்த ஒழுங்கையில ஒருத்தரும் கிணத்தில சமைக்கிறேல்லை. எல்லாற்றையும் போட்டா என்னை மட்டும் ஒருத்தரும் பாக்க மாட்டினம்."

பயிற்சியும் சான்றிதழும் எனக்குச் சொல்லித் தராததை அந்த மனுஷி ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

அடுத்த நாள் காலை அலுவலகத்துக்குப் போனபோது, அண்ணை எனக்கு முன்னமே வந்திருந்தார். இணையத்தளத்தின் முதல் பக்கத்தில் நாலு வரி போட்டிருந்தார். எங்கள் அட்டவணையில் வெளியிடக்கூடாத விபரம் வெளியானது, பிழை எங்களுடையது, படமாக எடுத்தவர்கள் தயவுசெய்து அழித்துவிடுங்கள் என்று. எந்த வீடு, என்ன விபரம் என்று ஒரு சொல்லும் இல்லை. மேசை லாச்சியிலிருந்து தன் தொப்பியை எடுத்து, "எத்தினை வீடு திரும்பப் போகவேணும்?" என்று மட்டும் கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் அவருடைய பழைய ஸ்கூட்டரில், நான் பின்னால் கான் மாதிரி ஆடி ஆடிக்கொண்டு, ஒரு கிழமை அந்த ஊரைச் சுற்றினோம்.

முதலில் எல்லா வீட்டிலும் நடந்ததைச் சொன்னேன், வழி வெளியே போனது உங்களுடையதும்தான் என்று. இரண்டு வீட்டில் ஏச்சு வாங்கினேன். ஒரு வீட்டில் கதவே திறக்கவில்லை. அந்த வீட்டை அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டோம். மற்றவர்களிடம் புதுக் கேள்விகளைக் கேட்டேன். சமைக்கிற தண்ணீர் எங்கிருந்து? யார் கொண்டுவருகிறார்கள்? எதில்? ஒரு நாளைக்கு எத்தனை தரம்? சிவப்புக் கிணறு உள்ள வீடுகளில் ஒன்றில்கூடக் கிணற்றுத் தண்ணீரில் சமைப்பதாகச் சொல்லவில்லை. எல்லோரும் மதகடியிலிருந்து சுமக்கிறார்கள். சுமக்கிறவர்கள் அநேகமாகப் பெண்கள். சைக்கிளில், தலையில், தள்ளுவண்டியில், ஒரு வீட்டில் பிள்ளையை வைத்துத் தள்ளுகிற வண்டியில்கூட. அறுபது கிணற்றுக்குள்ளும் எட்டிப் பார்த்தவள் நான். எங்களைக் கடந்து கானோடு போன சைக்கிள்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றிருக்கிறேன். அவற்றில் ஒன்றைக்கூட நான் பதியவில்லை.

இரண்டாவது அட்டவணையில் வீடுகளே இல்லை. ஒழுங்கை ஒழுங்கையாக, தெருவாரியாகச் சேர்த்துத்தான் போட்டோம். இந்தப் பக்கத்துக் குசினிகளில் வேகிறது குழாய்த் தண்ணீர், அது சுமந்து வருகிற தண்ணீர் என்று அண்ணை தலைப்புக்குக் கீழேயே எழுதினார். அதை அச்செடுத்துக்கொண்டு மூன்று கடைகளுக்கும் நானே நேரில் போனேன். எந்த வீட்டைப் பற்றியும் பேசவில்லை. நாங்கள் முதலில் போட்டது அரைவாசிக் கதை, இது மிச்சம் என்று மட்டும் சொன்னேன். இரண்டு கடைக்காரர்கள் அடுத்த கிழமையிலிருந்து திரும்ப எடுக்கத் தொடங்கினார்கள். எனக்குத் தேநீர் தந்தவர் எடுக்கவில்லை. "நான் பிழையெண்டு சொல்லேல்லைத் தங்கச்சி. ஆனா ஒருக்காக் கதை வந்திட்டுது, சாப்பிட வாற ஆக்கள் கேப்பினம்" என்றார். எவ்வளவு சொல்லியும் அசையவில்லை. இன்றுவரைக்கும் இல்லை. அந்தக் கடையைத் தாண்டும்போது இப்போதும் எனக்கு முகம் சுடும்.

மழை முடிந்து, சொன்னபடி கிணறுகளைத் திரும்ப அளக்கப் போனபோதுதான் அந்த வீட்டுக்கு மறுபடி போனேன். கேற்றுக்கு வெளியே நின்று, வரலாமா என்று கேட்டேன். அவர் கையில் மா அப்பியபடி எட்டிப் பார்த்தார். கிணறு இன்னும் சிவப்புத்தான். நான் பதிந்து முடிய, ஒரு கதிரையைக் கொண்டுவந்து மாமர நிழலில் போட்டார். கொஞ்ச நேரத்தில் தேநீர் வந்தது.

கோப்பையைக் கையில் வாங்கி, வாயில் வைக்க முன்பு நிறுத்தினேன். "இது எத்தினையாவது கான் தண்ணியக்கா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "இப்பதான் கேக்கிறீங்கள்" என்றார். "விடியக் கொண்டுவந்த தண்ணி. குடியுங்கோ, ஆறப்போகுது."

அதற்குப் பிறகு எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. எந்த அட்டவணையையும் வெளியிட முன்பு, அதை ஒரு பழைய தொலைபேசியில் திறந்து அண்ணையின் கையில் கொடுப்பேன். ஏதாவது ஒரு வரியைத் தொட்டு, "இந்த வீட்டுக்கு உங்களால போகேலுமோ?" என்று கேட்பேன். ஊர் முழுக்கத் தெரிந்த மனுஷன் அவர். ஏலும் என்று தலையாட்டினால் அது வெளியே போகாது. மேசைக்கு மேலே இருந்த சான்றிதழைக் கழற்றி லாச்சிக்குள் வைத்துவிட்டேன். கருவியில் எனக்குக் கோபமில்லை. அது நான் மூடச் சொன்னதை மூடியது, கேட்கச் சொன்னதைக் கேட்டது.

குழாய் இன்னும் மதகடியிலேயே நிற்கிறது. வரும் என்கிறார்கள். தொழில் நிமித்தம் நான் இப்போதும் எத்தனையோ வீடுகளுக்குப் போகிறேன், எத்தனையோ பேர் கதிரை போட்டுத் தேநீர் தருகிறார்கள். ஆனால் எந்த வீட்டுக் கோப்பையையும், இந்தத் தண்ணீரை எங்கிருந்து யார் சுமந்து வந்தார்கள் என்று கேட்காமல் என்னால் வாயில் வைக்க முடிவதில்லை.